கிரிட் கோடுகளுக்குள் ரீஜன்: ஆட்டோலிஸ்ப் வைத்து ஒரே ஓட்டத்தில் முடிக்க முழுமையான வழிகாட்டி

எண்ணூர், மணலி, மீஞ்சூர் பக்கம் கன்டெய்னர் யார்டோ கிடங்கோ எது வந்தாலும் முதல் வேலை மண் கொட்டி மேடாக்குவதுதான். நிலம் அவ்வளவு தாழ்வு. சர்வேயர் 10 மீட்டருக்கு ஒரு கோடு என்று கிரிட் போட்டு, கோடுகள் சந்திக்கும் இடத்தில் எல்லாம் லெவல் (தரையின் உயரம்) எடுத்துக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு ட்ராயிங்கில் உட்காருபவர் தலையில் விழுவது இது: ஒவ்வொரு கட்டத்தின் பரப்பு என்ன, அதற்குள் எத்தனை கன மீட்டர் மண் போகும்?

கணக்குக்கு ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக 180 மீட்டர், தெற்கு வடக்காக 120 மீட்டர். நிற்கும் கோடு 19, படுக்கும் கோடு 13. கட்டங்கள் 18 × 12, அதாவது 216. மேற்கு ஓரத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரை சாய்வாக வெட்டிப் போகிறது. முழுக் கட்டம் என்றால் 100 சதுர மீட்டர், அதற்கு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளே தேவையில்லை. கரை வெட்டிய கட்டங்கள்தான் வம்பு. ஒன்று முக்கோணம், ஒன்று நாற்கரம், ஒன்றில் ஓரமாக ஒரு துண்டு மட்டும். இவற்றுக்காகத்தான் ரீஜன், அதாவது மூடிய எல்லைக்குள் உள்ள தளத்தை ஆட்டோகேட் ஒரே பொருளாக வைத்திருப்பது. பரப்பு, சுற்றளவு, மையப்புள்ளி மூன்றையும் அது தன்னிடமே வைத்திருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம், வெட்டலாம். கையால் 216 முறை கிளிக் செய்தால் நாலைந்து கட்டமாவது விட்டுப்போகும். எது விட்டுப்போனது என்பதும் தெரியாது.

ரீஜன் கமாண்ட் ஏன் கைவிரிக்கிறது

எல்லாக் கோட்டையும் செலக்ட் செய்து ரீஜன் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பூஜ்யம் லூப், பூஜ்யம் ரீஜன் என்று பதில் வரும். ரீஜன் கமாண்டுக்குக் கோடுகள் முனையோடு முனை சேர்ந்து வளையமாக மூட வேண்டும். கிரிட்டில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போகின்றன. முனை எங்கோ வெளியே கிடக்கிறது.

சரி, சந்திப்புகளில் எல்லாம் கோட்டை உடைத்துவிட்டால்? அப்போதும் வேலைக்கு ஆகாது. உடைத்த பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் நாலு துண்டு வந்து சேரும். எந்த இரண்டும் ஒரே கட்டத்தைச் சேர்ந்தவை என்று கமாண்டுக்குச் சொல்ல ஆளில்லை. எதையாவது நாலைந்தை மூடிவிட்டு மீதியைத் தள்ளிவிடும். ஆகவே, கட்டம் எது என்பதை ஆட்டோலிஸ்ப்பில் (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் நிரல்மொழி) எழுதும் ஸ்கிரிப்ட்தான் தீர்மானித்து ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும்.

முதலில் ட்ராயிங்கைச் சுத்தம் செய்யுங்கள்

ஸ்கிரிப்ட் சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் ட்ராயிங் சரியில்லை என்ற புகார்கள். எழுதுவதற்கு முன் கீழே உள்ளதை முடித்துவிடுங்கள். எல்லாமே காப்பி ஃபைலில்தான். ஒரிஜினலைத் தொட வேண்டாம்.

ஆரிஜினிலிருந்து (0,0 புள்ளி) உள்ள தூரம். சர்வே ட்ராயிங் யுடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) 44ஆவது மண்டலக் கோஆர்டினேட்டில் வரும். வடசென்னையில் ஈஸ்டிங் (எக்ஸ் மதிப்பு) 4,20,000 மீட்டரை ஒட்டியும் நார்த்திங் (ஒய் மதிப்பு) 14,50,000 மீட்டரை ஒட்டியும் இருக்கும். அதே ட்ராயிங்கை யாராவது மில்லிமீட்டருக்கு மாற்றியிருந்தால் நார்த்திங் 145 கோடி. ஆட்டோகேட் ஓர் எண்ணை 15, 16 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். முன்னால் 10 இலக்கம் போய்விட்டால் பின்னால் மிச்சம் கொஞ்சம்தான். ரீஜன்கள் 3டி சாலிட் போலவே சாலிட் மாடலிங் கெர்னலில் உருவாகின்றன, அதற்கு இந்தத் தூரம் ஆகவே ஆகாது. கண்ணுக்கு மூடியிருக்கும் கட்டம் மூடவில்லை என்று வரும், வெட்டும்போது ஓரம் காணாமல் போகும். முழு எண்ணாக ஒரு தொகையைத் தேர்ந்து, எடுத்துக்காட்டாக 4,20,000 மற்றும் 14,50,000, அதைக் கழித்து எல்லாவற்றையும் ஆரிஜின் பக்கம் நகர்த்துங்கள். அந்த இரண்டு எண்ணையும் குறித்து வையுங்கள். பரப்பு மாறாது, மையப்புள்ளி எழுதும்போது ஸ்கிரிப்ட் திரும்பக் கூட்டிக்கொள்ளும்.

இசட் மதிப்பு. லெவல் எடுத்த புள்ளியைப் பிடித்துக் கோடு போட்டிருந்தால், ஒரு முனை 1.85, மறு முனை 2.05 என்று கோடு சாய்ந்தே கிடக்கும். பிளானில் பார்த்தால் தெரியாது. எல்லாக் கோட்டின் தொடக்க இசட், முடிவு இசட் இரண்டையும் ப்ராப்பர்ட்டீஸ் பேலட்டில் 0 ஆக்குங்கள். வெளி எல்லையின் எலிவேஷனும் 0 ஆக வேண்டும். ஒரே தளத்தில் இல்லாத இரண்டு ரீஜனை இன்டர்செக்ட் கமாண்ட் ஒன்றோடொன்று வெட்டாது.

இரட்டைக் கோடு. ஓவர்கில் கமாண்டை ஓட்டுங்கள். 2012 முதல் அது ஆட்டோகேட்டிலேயே இருக்கிறது. டாலரன்ஸ் (எவ்வளவு வித்தியாசம் வரை ஒன்றாகவே கொள்ளலாம் என்ற அளவு) மீட்டர் ட்ராயிங்குக்கு 0.001, மில்லிமீட்டர் ட்ராயிங்குக்கு 1. இதற்கு மேல் ஏற்றினால் உண்மையிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோட்டை ஒன்றாக்கிவிடும்.

பாலிலைனாக (பல துண்டு சேர்ந்து ஒரே பொருளான கோடு) இருக்கும் கிரிட் கோட்டை எக்ஸ்ப்ளோட் செய்து தனிக் கோடுகளாக்குங்கள். பிளாக்குக்குள்ளோ எக்ஸ்ரெஃபுக்குள்ளோ (இணைத்த வெளி ட்ராயிங்) இருக்கும் கோடு ஸ்கிரிப்ட்டின் செலக்ஷனில் சிக்காது. என்காப்பி கமாண்டால் வெளியே எடுத்துப் போடுங்கள். கடைசியில் கிரிட்டுக்கு ஒரு லேயர், எல்லைக்கு ஒரு லேயர், ரீஜன் வந்து விழ ஒரு லேயர் என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள். மூன்றாவது லேயர் லாக் ஆகியிருக்கக் கூடாது. சிரிக்க வேண்டாம், பாதி நேரம் இதுதான் காரணம்.

எந்த வழி?

இரண்டு வழி உண்டு. கோடுகளின் கோஆர்டினேட்டை மட்டும் படித்து, கட்டத்தைக் கணக்குப் போட்டே வரைவது ஒன்று. கட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்து, சுற்றி என்ன கோடு இருக்கிறது என்று பவுண்டரி கமாண்டைத் தேடச் சொல்வது மற்றொன்று.

கோடுகள் எல்லாம் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை முழுதாக ஓடும் செங்கோணக் கிரிட்டா? யோசிக்காமல் முதல் வழிக்குப் போங்கள். வேகம் அதிகம், ஸ்க்ரீனில் என்ன தெரிகிறது என்பதைச் சார்ந்தது அல்ல, தப்பு நடந்தால் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். நடுவில் கோடு நிற்கிறது, குறுக்கே மூலைவிட்டம் போகிறது, வட்டமாக இருக்கிறது என்றால் மட்டும் இரண்டாவது வழி. பவுண்டரிதான் எல்லாருக்கும் பழக்கம் என்பதால் அதையே எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டு தொங்குவது வீண் சிரமம்.

முதல் வழி: கோஆர்டினேட்டிலிருந்து கட்டம்

ஆட்டோலிஸ்ப் ஃபங்ஷனின் உடல் இந்த வரிசையில் போகும்.

1. இப்போதைய செட்டிங்கை ஞாபகத்தில் வையுங்கள்: ஓஎஸ்மோட் (ஆப்ஜெக்ட் ஸ்னாப்), கமாண்ட் எக்கோ, டெல்ஆப்ஜெக்ட், நடப்பு லேயர். பிறகு ஓஎஸ்மோட் 0, கமாண்ட் எக்கோ 0, டெல்ஆப்ஜெக்ட் 1. கடைசியானது 1 ஆனால்தான் தற்காலிகமாக வரையும் செவ்வகம் ரீஜனாக மாறியதும் அழியும். யூசிஎஸ் (நடப்பு அச்சு அமைப்பு) வேர்ல்டில் இருக்கட்டும்.

2. நடுவில் எஸ்கேப் அடித்தாலோ பிழை வந்தாலோ செட்டிங்கைப் பழையபடி வைக்க, உள்ளூர் எரர் ஃபங்ஷன் ஒன்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் முழுக்க ஆப்ஜெக்ட் ஸ்னாப் வேலை செய்யவில்லை என்று ஆபீஸே தேடும்.

3. எஸ்எஸ்கெட் கொண்டு கிரிட் லேயரில் உள்ள லைன் வகையை மட்டும் எடுங்கள். என்ட்கெட் ஒரு பொருளின் விவரங்களைக் குறியீட்டு எண்களோடு தரும்; ஒவ்வொன்றையும் என்ட்கெட் செய்தால் 10ஆம் குறியீட்டில் தொடக்கப் புள்ளி, 11ஆம் குறியீட்டில் முடிவுப் புள்ளி.

4. இரண்டு எக்ஸும் டாலரன்ஸுக்குள் சமமா, அது நிற்கும் கோடு; எக்ஸ் மதிப்பை ஒரு பட்டியலில் போடுங்கள். இரண்டு ஒய்யும் சமமா, படுக்கும் கோடு. ஒய் மதிப்பு இன்னொரு பட்டியலில். இரண்டிலும் சேராதவை மூன்றாவது பட்டியலுக்கு. ஒப்பிட ஈக்வல் ஃபங்ஷனோடு டாலரன்ஸ் கொடுங்கள். வெறும் சமக்குறியை நம்பினால் 10.0000 என்பதும் 10.0000001 என்பதும் வேறு வேறு கோடாகி, தலைமுடி அகலத்தில் ஒரு வரிசைக் கட்டம் பிறக்கும்.

5. பட்டியலில் மதிப்பைச் சேர்க்கும்போதே ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். பிறகு விஎல்-சார்ட் கொண்டு ஏறுவரிசை. சார்ட்டே இரட்டையை நீக்கிவிடும் என்று இருக்காதீர்கள்.

6. இங்கே நிறுத்தி எண்ணிக்கையைக் கமாண்ட் லைனில் காட்டச் சொல்லுங்கள். நம் மனையில் 19, 13 என்று வர வேண்டும். 20 வந்தால் எங்கோ ஒரு கோடு சில மில்லிமீட்டர் நகர்ந்து இரட்டையாக இருக்கிறது. 18 வந்தால் ஒரு கோடு சாய்ந்திருந்து மூன்றாவது பட்டியலுக்குப் போய்விட்டது. மூன்றாவது பட்டியல் காலியாக இல்லையென்றால் அந்தக் கோடுகளின் நிறத்தைச் சிவப்பாக்கிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடட்டும். மேலே போகவே கூடாது.

7. ஒய் பட்டியலில் அடுத்தடுத்த இரண்டு, அதற்குள் எக்ஸ் பட்டியலில் அடுத்தடுத்த இரண்டு என்று இரட்டைச் சுழற்சி. நாலு மூலையும் கிடைத்துவிடும். என்ட்மேக்கில் லைட்வெயிட் பாலிலைன்: 90ஆம் குறியீட்டில் 4 (மூலை எண்ணிக்கை), 70ஆம் குறியீட்டில் 1 (மூடியது), 10ஆம் குறியீட்டில் மூலைகள் நான்கு. 100ஆம் குறியீடு இரண்டு தடவை வர வேண்டும், என்டிட்டிக்கு ஒன்று, பாலிலைனுக்கு ஒன்று. அதை விட்டால் என்ட்மேக் சத்தமில்லாமல் நில் (வெறுமை என்ற லிஸ்ப் மதிப்பு) தந்துவிட்டுப் போகும்.

8. என்ட்லாஸ்ட் (கடைசியாக உருவான பொருள்) எடுத்து அந்தச் செவ்வகத்தை ரீஜன் கமாண்டுக்குக் கொடுங்கள். மறுபடி என்ட்லாஸ்ட், இப்போது கையில் இருப்பது ரீஜன்.

கட்டப் பெயரை இந்தச் சுழற்சியிலேயே ஒட்டிவிடுங்கள்: வரிசைக்கு எழுத்து, பத்திக்கு எண். சர்வேயரின் லெவல் புத்தகம் எந்த மூலையிலிருந்து தொடங்குகிறதோ அதே மூலையிலிருந்து தொடங்க வேண்டும். அவர் வடமேற்கிலிருந்து எண்ணி, நீங்கள் தென்மேற்கிலிருந்து எண்ணினால் கணக்கு மொத்தமும் தலைகீழ்.

எல்லையை ஒட்டி வெட்டுவது

எல்லையை மூடிய பாலிலைனாக வரைந்து, ஒரே ஒரு ரீஜனாக்குங்கள். கால்வாய்க் கரையை யாராவது ஸ்ப்லைனாக வரைந்திருந்தாலும் கவலையில்லை, முனைகள் சரியாகச் சேர்ந்தால் ரீஜன் ஏற்கும்.

இன்டர்செக்ட் கமாண்ட் கொடுத்த இரண்டையும் விழுங்கிவிட்டு ஒன்றைத் துப்பும். ஆகவே கட்டத்துக்கு ஒரு முறை எல்லை ரீஜனின் புதுக் காப்பி வேண்டும். மேலே உள்ள 8ஆவது படிக்குப் பிறகு: எல்லையைக் காப்பி எடு, கட்டத்தையும் காப்பியையும் இன்டர்செக்ட்டுக்குக் கொடு. பிறகு இரண்டு பெயரையும் என்ட்கெட் வைத்துச் சோதியுங்கள். எது நில் தரவில்லையோ அதுதான் மிஞ்சியது. இரண்டுமே நில் என்றால் அந்தக் கட்டம் முழுதாகக் கால்வாய்க்குள் போய்விட்டது, பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கரை வளைந்து ஒரே கட்டத்துக்குள் இரண்டு முறை நுழைந்தால், தனித்தனியாக இரண்டு துண்டு ஒரே ரீஜனாக வரும். பரப்பு இரண்டும் சேர்ந்த கூட்டுத்தொகை. மண் கணக்குக்கு அது போதும். துண்டுக்குத் தனிப் பரப்பு வேண்டுமானால் எக்ஸ்ப்ளோட் செய்தால் பிரிந்துவிடும். ஒரே துண்டாக இருக்கும் ரீஜனை எக்ஸ்ப்ளோட் செய்தால் கோடுகளாக உதிர்ந்துவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

இரண்டாவது வழி: பவுண்டரி

கமாண்டுக்கு முன் ஹைபன் போட்டால் டயலாக் பாக்ஸ் வராமல் கமாண்ட் லைனிலேயே ஓடும். வரிசை இது: அட்வான்ஸ்டு ஆப்ஷன், ஆப்ஜெக்ட் டைப், ரீஜன், ஒரு என்டர், உள்ளே புள்ளி, இன்னொரு என்டர். ஸ்கிரிப்ட்டில் எழுதும் முன் உங்கள் வெர்ஷனில் கையால் ஒரு தடவை டைப் செய்து, கேள்விகள் இதே வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள். ஐலண்ட் டிடெக்ஷனை நிறுத்திவிடுங்கள். கட்டத்துக்குள் இருக்கும் தூண் அவுட்லைன், டெக்ஸ்ட் எல்லாம் தலையிடும். கிரிட் லேயர், எல்லை லேயர் தவிர மற்றதை ஃப்ரீஸ் செய்தால் இன்னும் நல்லது, வேகமும் கூடும்.

பவுண்டரி கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பார்க்கும். சுழற்சிக்கு முன் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கட்டாயம்.

புள்ளியைக் கட்டத்தின் நட்ட நடுவில் வைக்காதீர்கள். மூலைவிட்டம் போகும் கட்டத்தில் நடுப்புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே விழுந்து, புள்ளி ஆப்ஜெக்டின் மேல் இருக்கிறது என்று கமாண்ட் திருப்பி அனுப்பும். அகலத்தில் 0.37 பங்கு, உயரத்தில் 0.41 பங்கு என்று ஒழுங்கற்ற இடம் பரவாயில்லை. மூலைவிட்டம் பிரித்த இரண்டு முக்கோணமும் வேண்டும் என்றால் கட்டத்துக்கு நாலு புள்ளி, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக. ஒரே துண்டு இரண்டு மூன்று தடவை வரும். பரப்பும் மையப்புள்ளியும் டாலரன்ஸுக்குள் ஒன்றாக இருந்தால் பின்னால் வந்ததை அழித்துவிடுங்கள். நடுவில் கோடு இல்லாமல் இரண்டு கட்டம் ஒன்றாகிவிட்ட இடத்துக்கும் இதே சோதனை போதும்.

ஒவ்வொரு முறையும் கமாண்டுக்கு முன் ஒரு என்ட்லாஸ்ட், பின் ஒரு என்ட்லாஸ்ட். இரண்டும் ஒன்றே என்றால் எதுவும் உருவாகவில்லை. அந்த இடத்தில் சிவப்பில் ஒரு சிறு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். இந்தச் சோதனை இல்லாத ஸ்கிரிப்ட் முந்தைய கட்டத்தின் பரப்பையே இரண்டாம் முறை எழுதி வைக்கும்.

கிரிட் சாய்வாக இருந்து யூசிஎஸ்ஸைத் திருப்பியிருந்தால், என்ட்கெட் தருவது வேர்ல்டு கோஆர்டினேட், கமாண்ட் எதிர்பார்ப்பது நடப்பு யூசிஎஸ். நடுவில் டிரான்ஸ் ஃபங்ஷனை, 0 முதல் 1 என்று, போடாவிட்டால் புள்ளிகள் மனைக்கு வெளியே போய் விழும்.

எண்ணெய்த் தொட்டியின் அடித்தளம் போல வட்டக் கிரிட் என்றால் புள்ளியை ஆரம், கோணம் என்று போலார் ஃபங்ஷனில் கொடுங்கள். சரிபார்ப்பதும் எளிது: வெளி ஆரம் 12 மீட்டர், உள் ஆரம் 8, கோணம் 15 பாகை என்றால் (144 − 64) ÷ 2 × 0.2618 = 10.472 சதுர மீட்டர். ரீஜன் வேறு எண்ணைக் காட்டினால் ஆர்க்குக்குப் பதில் யாரோ நேர்கோடு போட்டிருக்கிறார்கள்.

லிஸ்ப் வராதவருக்கு

எக்ஸல் போதும். ஒரு பத்தியில் எக்ஸ், இன்னொன்றில் ஒய், மூன்றாவதில் பவுண்டரி கமாண்டின் பதில்களை எல்லாம் ஒட்டிச் சேர்த்த வரி. அதை நோட்பேடில் ஸ்கிரிப்ட் ஃபைலாகச் சேமித்து ஸ்கிரிப்ட் கமாண்டால் ஓட்டுங்கள். ஸ்கிரிப்ட் ஃபைலில் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு என்டர். வரிக்கடைசியில் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் நின்றால் முந்தைய கமாண்ட் திரும்ப ஓடத் தொடங்கி, அதற்குக் கீழே எல்லாம் கலைந்துவிடும். தோல்வியைப் பிடிக்கும் சோதனை இதில் கிடையாது என்பதால் 50 கட்டத்துக்கு மேல் இந்த வழி வேண்டாம்.

பரப்பை எழுதுவதும் சரிபார்ப்பதும்

விஎல்-லோட்-காம் ஓட்டிய பிறகு ரீஜனின் ஏரியா, பெரிமீட்டர், சென்ட்ராய்டு மூன்றும் ப்ராப்பர்ட்டியாகவே கிடைக்கும். மில்லிமீட்டர் ட்ராயிங்கில் ஒரு முழுக் கட்டம் 10 கோடி சதுர மில்லிமீட்டர் என்று வரும். 10 லட்சத்தால் வகுங்கள். எண்ணை எழுத்தாக்கும் ஆர்டோஸ் ஃபங்ஷனில் மூன்று தசம இடம் கேட்டும் 32.000 என்பது 32 என்றே விழுந்தால், டிம்ஜின் வேரியபிளை 0 ஆக்குங்கள். கட்டப் பெயர், பரப்பு, சுற்றளவு, மையம் எக்ஸ், மையம் ஒய் என்று கமா பிரித்த ஃபைலாக எழுதினால் எக்ஸல் நேராகத் திறக்கும். மனை உரிமையாளர் கிரவுண்டில்தான் கேட்பார்: சதுர மீட்டரை 222.967 ஆல் வகுத்து ஒரு பத்தி சேர்த்துவிட்டால் போன் வருவது குறையும்.

கட்டப் பெயரை மையப்புள்ளியில் டெக்ஸ்டாகப் போடலாம். வளைந்த துண்டுகளில் மையம் துண்டுக்கு வெளியே விழலாம். அது பிழை இல்லை, டெக்ஸ்டை மட்டும் நகர்த்துங்கள்.

இப்போது தவிர்க்கக் கூடாத ஒரு கூட்டல். எல்லா ரீஜன் பரப்பின் கூட்டுத்தொகையும் எல்லை ரீஜனின் பரப்பும் 0.01 சதுர மீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். கிரிட் எல்லையை முழுக்க மூடியிருக்கும் வரை இதில் விலக்கே கிடையாது. வித்தியாசம் சரியாக 100, 200 என்று வந்தால் முழுக் கட்டம் விட்டுப்போனது அல்லது இரட்டித்தது. 37.46 போல ஒழுங்கற்று வந்தால் வெட்டுப்பட்ட கட்டத்தில் கோளாறு. வித்தியாசம் ஒரு சதுர மீட்டருக்கும் கீழே, ஆனால் பூஜ்யமும் இல்லை என்றால், நகர்ந்த கோடு அல்லது ஆரிஜின் தூரம். மூன்றையும் இந்த வரிசையில் தேடுங்கள்.

சரிபார்த்த பிறகு மண் கணக்கு நிமிடத்தில் முடியும். ஒரு முழுக் கட்டத்தின் மூலை லெவல்கள் 1.85, 1.92, 2.05, 1.98 என்றால் சராசரி 1.95. முடிக்க வேண்டிய லெவல் 3.20. ஆழம் 1.25 மீட்டர், அளவு 125 கன மீட்டர். பக்கத்தில் கரை வெட்டிய முக்கோணம், செங்கோணப் பக்கங்கள் 10, 6.4 மீட்டர் என்றால் பரப்பு 32. அதே ஆழத்துக்கு 40 கன மீட்டர். ஆனால் முக்கோணத்தின் இரண்டு மூலை கரையின் மேல் இருக்கிறது, அவற்றில் ஒன்று கிரிட் மூலை இல்லை, அங்கே லெவல் கிடையாது. கரையோரம் தனியாக லெவல் எடுக்கச் சொல்லாமல் கிரிட் மூலைகளின் சராசரியையே போட்டால், கரை சரிந்து இறங்கும் இடத்தில் மண் குறைவாகவே கணக்கில் வரும்.

லோடு செய்வது

ஆப்லோடு கமாண்டில் ஸ்டார்ட்டப் சூட்டில் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு ட்ராயிங்கிலும் தானே வரும். 2014 முதல் வந்த வெர்ஷன்களில் பாதுகாப்பு எச்சரிக்கை எழும். அதை மொத்தமாக அணைக்காமல், ஃபைல் இருக்கும் ஃபோல்டரை மட்டும் டிரஸ்டட் பாத்தில் சேருங்கள். வெளியிலிருந்து வரும் ட்ராயிங் ஃபோல்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் லிஸ்ப் ஃபைல்கள் உண்டு, வைரஸும் அப்படித்தான் பரவுகிறது. ஆட்டோகேட் எல்டி வைத்திருப்பவர்களுக்கு 2024 வெர்ஷன் முதல்தான் ஆட்டோலிஸ்ப் ஓடும். ஆட்டோகேட் போன்ற பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட் மூன்றும் லிஸ்ப்பை ஓட்டும். முதல் வழியில் கமாண்ட்களை அதிகம் நம்பாததால் பெரிய மாற்றம் தேவைப்படாது. இரண்டாவது வழியில் பவுண்டரியின் கேள்வி வரிசையைக் கையால் ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள். கமாண்ட் பெயருக்கு முன்னால் அண்டர்ஸ்கோரும் புள்ளியும் சேர்த்து எழுதினால், வேறு மொழி வெர்ஷனிலும் யாராவது அந்தக் கமாண்டை மாற்றி வைத்த கணினியிலும் தடுக்காது.